காவடி வடிவத்தைத் தோழிகளுக்குக் கொடுப்பது எப்படி?

கேள்வி: அக்கா, டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். தைப்பூசக் காவடி ஒன்றை நானே கிராஃப் தாளில் வரைந்து, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகப் போடும் கிராஸ் ஸ்டிட்சில் தைத்து முடித்தேன். அகலம் 98 கட்டம், உயரம் 126. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கூடித் தைக்கும் பெண்கள் எல்லோரும் ஆசைப்பட்டுக் கேட்டார்கள். தாளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினேன். ஒருவர் தைத்தது, வாங்கி வைத்திருந்த ஏ4 சட்டத்துக்குள் அடங்கவில்லை. இன்னொருவர் தைத்ததில் மயில்தோகை கறுப்பாகத் தெரிகிறது. வரைபடம்தான் தப்பு என்கிறார்கள். எப்படிக் கொடுத்திருக்க வேண்டும்? இதற்குக் காசு கேட்கலாமா? என் வடிவத்தில் எனக்கு உரிமை ஏதும் உண்டா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த படத்தைப் பார்த்தேன். வரைபடத்தில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்தத் துணி, எத்தனை இழை, எந்த நீலம் என்ற மீதிப் பாதி உங்கள் தையல் பெட்டியிலேயே தங்கிவிட்டது. தைக்கிறவருக்கு இவையெல்லாம் கைப்பழக்கம். நினைத்துப் பார்க்காமலே செய்வதால் எழுதி வைக்கவும் தோன்றுவதில்லை. ஆனால் வடிவத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, பக்கத்தில் நீங்கள் இல்லாமலே அவர் தைத்து முடிக்கும்படி அந்தத் தாள் இருக்க வேண்டும்.

முதலில் சட்டத்துக்குள் அடங்காத கதை. நீங்கள் தைத்தது, கட்டம் கட்டமாக நெய்த ஆய்டா துணியில் 14 எண், அதாவது ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். 98ஐ 14ஆல் வகுத்தால் 7 அங்குலம். 126ஐ வகுத்தால் 9 அங்குலம். ஏறத்தாழ 17.8 செ.மீ. அகலம், 22.9 செ.மீ. உயரம். ஏ4 சட்டத்தில் தாராளமாக அடங்கும். உங்கள் தோழி 11 எண் துணியை எடுத்திருப்பார். கண் சற்று மங்கத் தொடங்கியவர்கள் பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் 98ஐ 11ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.9 அங்குலம், 22.6 செ.மீ. ஏ4 தாளின் அகலமே 21 செ.மீ.தான். அவர் ஊசியில் நூல் கோக்கும் முன்பே அந்தச் சட்டம் உதவாது என்பது முடிவாகிவிட்டது.

ஆகவே வரைபடத்தின் தலைப்பில் கட்டங்களின் எண்ணிக்கையோடு, 11, 14, 16, 18 எண் துணிகளில் முடிந்த அளவு என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். லினன் துணியில் தைப்பவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், 28 எண் லினனில் இரண்டிரண்டு துணி இழைகளைத் தாண்டித் தைத்தால் 14 எண் ஆய்டாவின் அளவே வரும் என்றும் ஒரு வரி சேருங்கள். துணி வெட்டும்போது நான்கு பக்கமும் மும்மூன்று அங்குலம் விடச் சொல்லுங்கள். 14 எண்ணில் தைப்பவருக்கு 13க்கு 15 அங்குலத் துண்டு தேவைப்படும். சட்டம் போடுபவர் துணியை இழுத்து மடிக்க இடம் இல்லாவிட்டால், எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் ஓரம் வெட்டுப்பட்டதுபோலத்தான் நிற்கும்.

அளவைப் பற்றியே இன்னொன்று. உங்கள் காவடியின் வளைவு இரு பக்கமும் ஒரே மாதிரி. நடுவில் வேல் நிற்கிறது. வேலின் தண்டை ஒரே கட்ட அகலத்தில் போட்டிருக்கிறீர்கள். மொத்த அகலமோ 98, இரட்டைப்படை. இரட்டைப்படை எண்ணில் நடுக்கோடு இரண்டு கட்டங்களுக்கு இடையே விழும். ஒற்றைக் கட்ட வேல் அந்த நடுவில் நிற்கவே முடியாது. எண்ணிப் பார்த்தேன்: வேலுக்கு இடப்பக்கம் 48 கட்டம், வலப்பக்கம் 49. உங்கள் கண்ணுக்கு இது பட்டிருக்காது. துணியை நான்காக மடித்து, மடிப்பு சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறவருக்குக் கட்டாயம் இடிக்கும். அகலத்தை 97 அல்லது 99 ஆக்குங்கள். இல்லையென்றால் தண்டை இரண்டு கட்டமாக்குங்கள். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இந்த ஒற்றை, இரட்டைக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரைபடத்தின் நான்கு ஓரங்களிலும் நடுவைக் காட்டும் சிறு அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

இனி, கறுத்துப்போன தோகை. உங்கள் நிறப் பட்டியலில் 'கருநீலம்' என்று மட்டும்தான் இருக்கிறது. டிஎம்சி என்ற கம்பெனியின் நூலில் மட்டும் 500 நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கருநீலம் என்றால் 939ஐயும் எடுக்கலாம், 823ஐயும் எடுக்கலாம். 939 இரவு விளக்கில் கறுப்பேதான். 310 என்ற கறுப்பை அதன் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். நீங்கள் மனதில் வைத்திருந்தது மயில்நீலம். அதற்கென்றே டிஎம்சியில் ஒரு வரிசை உண்டு: மிக அடர்த்தியானது 3765, அடுத்தது 806, பிறகு 807, மிக வெளிறியது 3766. தோகைக் கண்ணின் நடுவில் 939ஐ இரண்டு மூன்று தையல் மட்டும் வைத்து, சுற்றி 3765, அதற்கு வெளியே 807 என்று கொடுத்துப் பாருங்கள். கண் விழித்துக்கொள்ளும். இது என் விருப்பம்தான். நீங்கள் எதை எடுத்தாலும் எண்ணோடு எழுதுங்கள்.

எண்ணை மட்டும் எழுதினாலும் போதாது. கம்பெனிப் பெயர் வேண்டும். உங்கள் குழுவில் சிலர் இங்கே கடையில் டிஎம்சி வாங்குவார்கள். சிலர் சென்னைக்குப் போய்வரும் உறவினர்களிடம் சொல்லி ஆங்கர் நூல் வரவழைப்பார்கள். இரண்டிலும் எண்கள் வேறு. டிஎம்சியில் 310 கறுப்பு. ஆங்கரில் 310 கேட்டால் பழுப்பு நூல் வந்து சேரும். ஆங்கரின் கறுப்பு 403. ஆகவே பட்டியலில் ஒவ்வொரு நிறத்துக்கும் நான்கு விவரம் இருக்கட்டும்: குறியீடு, டிஎம்சி எண், ஆங்கர் எண், நிறத்தின் பெயர். இரு கம்பெனி எண்களையும் ஒப்பிடும் அட்டவணைகள் கிடைக்கின்றன. ஆனால் அவை 'ஏறக்குறைய' என்ற கணக்கில் போட்டவை. கறுப்பும் வெள்ளையும் ஒத்துப்போகும். நீலத்திலும் பச்சையிலும் கண்ணால் பார்க்காமல் நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு நூலையும் உங்கள் துணியின் மேலேயே வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரே படத்தில் பாதித் தோகையை ஒரு கம்பெனியிலும் மீதியை இன்னொன்றிலும் தைக்க வேண்டாம் என்று எச்சரிக்கையும் கொடுங்கள். அது கட்டாயம் தெரியும்.

இழைக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். ஆறு இழைகள் சேர்ந்த நூலில் 14 எண் துணிக்கு இரண்டு இழை, 11 எண்ணுக்கு மூன்று, வடிவத்தின் ஓரத்தைக் கோடாகக் காட்டும் பின்தையலுக்கு ஒன்று. இதை எழுதாவிட்டால் ஒருவர் தைத்தது துணி தெரிய மெலிந்து நிற்கும், இன்னொருவர் தைத்தது தடித்துப் பொம்மியிருக்கும். ஊசி 24ஆம் எண் மழுங்கல் முனை. எல்லாத் தையலிலும் மேல்கால், அதாவது பெருக்கல் குறியில் மேலே விழும் கோடு, ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது அனுபவசாலிகளுக்குச் சொல்லத் தேவையில்லாதது. குழுவில் புதியவர்கள் இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

எத்தனை கண்டு நூல் வேண்டும் என்பதைத்தான் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பார். ஊகித்து எழுதாமல் கணக்குப் போடலாம். 14 எண் துணியில் ஒரு கட்டத்தின் பக்கம் 1.8 மி.மீ. முன்பக்கம் இரண்டு மூலைக்கோடுகள், பின்பக்கம் இரண்டு நேர்க்கோடுகள் என்று சேர்த்தால், ஒரு முழுத் தையலுக்கு ஓர் இழையில் ஏறத்தாழ 8.8 மி.மீ. போகிறது. இரண்டு இழைக்கு 17.5 மி.மீ. ஒரு டிஎம்சி கண்டு 8 மீட்டர். ஆறு இழையாகப் பிரித்தால் 48 மீட்டர். தொடக்கம், முடிவு, வாலாக விடுவது, பிரித்துத் தைப்பது என்று மூன்றில் ஒரு பங்கை வீணாகக் கழித்துவிடுங்கள். மீதி 32 மீட்டரில் 1,800 தையல் சுமாராக வரும். 11 எண் துணியில் மூன்று இழை என்றால் அதே கண்டு ஆயிரம் தையலைக்கூட எட்டாது. உங்கள் வரைபடத்தில் மஞ்சள் சாமந்தி மட்டும் இரண்டாயிரம் கட்டத்தைத் தாண்டும் போலிருக்கிறது. அதற்கு இரண்டு கண்டு என்று எழுதுங்கள். 11 எண்ணில் தைப்பவருக்கு மூன்று. ஒரே நாளில் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். பிறகு வாங்கும் கண்டு வேறு சாயத் தொட்டியிலிருந்து வந்ததாக இருந்தால் நிறம் ஒரு மயிரிழை மாறும், மஞ்சளில் அது மறையாது.

வரைபடத்தைத் திரும்ப வரைந்துவிடுங்கள். வண்ணப் பென்சிலில் நிரப்பிய தாள் உங்களுக்கு அழகு. நகலெடுத்தால் நீலமும் பச்சையும் ஒரே சாம்பல். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குறியீடு கொடுங்கள், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் பிரித்தறியக்கூடிய குறியீடு. வெறும் வட்டமும் நடுவே புள்ளியிட்ட வட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் வயதானவர்கள் திண்டாடுவார்கள். பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு அவசியம்; எண்ணுவது முழுக்க அதை நம்பித்தான். இரண்டு பக்கமாகப் பிரித்தால், முதல் பக்கத்தின் கடைசி மூன்று வரிசைகளை இரண்டாம் பக்கத்திலும் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள்.

கணினியில் கட்டம் போடத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஸ்டிட்ச் ஃபிடில் போன்ற தளங்களில் இதை ஒரு மாலையில் ஏற்றிவிடலாம். ஒளிப்படத்தைக் கொடுத்தால் தானே வரைபடமாக்கித் தரும் வசதியை மட்டும் தொடாதீர்கள். அறுபது நிறத்தில், ஒற்றை ஒற்றைத் தையலாகச் சிதறடித்துக் கொடுக்கும்; தைக்கிறவர் பாதியில் உங்களைச் சபிப்பார்.

விளக்கக் குறிப்பு ஆங்கிலத்திலும் இருக்கட்டும். நம் குழுக்களில் தமிழைப் பேசினாலும் படிக்காதவர்கள் உண்டு, பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கி, குறியீடுகள் எல்லாம் புள்ளியாகிவிடும். முதல் பக்கத்தில் தைத்து முடித்த துணியின் படம் ஒன்று, பகல் வெளிச்சத்தில் எடுத்தது, கட்டாயம் வேண்டும். குழம்பியவர்கள் அதைப் பார்த்துத்தான் தெளிவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் குறைவாகத் தைத்தவராக இருந்தால் மிகவும் நல்லது. நூலை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் மரியாதை. அவர் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதி வையுங்கள். 'இந்த முக்கோணம் 806தானா?', 'பின்தையல் கட்டத்தின் ஓரத்திலா, நடுவிலா?' என்று அவர் கேட்பதெல்லாம் உங்கள் தாளில் விடுபட்டவை. பதிலை அவரிடம் சொல்வதோடு தாளிலும் சேருங்கள். வேல் நடுவில் இல்லை என்பதை இப்படி ஒருவர் முதல் நாளிலேயே கண்டுபிடித்திருப்பார்.

உரிமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம், வரைபடங்களைக் கலைப்படைப்பாகவே எண்ணுகிறது. கலைத்தரம் எப்படியிருந்தாலும் சரி என்று சட்டமே சொல்கிறது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. வரைந்தவுடன் உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 50 ஆண்டுகளும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் ஆண்டும் எழுதுவது சட்டத்துக்காக என்பதைவிட, தாள் கைமாறிப் போகும்போது யாருடையது என்று தெரிவதற்காக. காவடி என்ற பொருளுக்கு நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. இன்னொரு பெண் தன் கையால் வேறொரு காவடியை வரைந்தால் தடுக்க வழியில்லை.

நான் உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. அந்த மயில் நீங்களே வரைந்ததா, நாட்காட்டிப் படத்தைப் பார்த்து எடுத்ததா? நாட்காட்டிப் படத்துக்கும் ஓர் ஓவியர் இருப்பார். வீட்டில் மாட்ட ஒன்றைத் தைத்துக்கொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை. வரைபடமாக்கி ஊருக்குக் கொடுப்பது வேறு. பழைய ஓவியந்தான் வேண்டுமென்றால் ராஜா ரவி வர்மாவின் படைப்புகள் இருக்கின்றன. அவர் 1906இல் இறந்தவர், அவற்றுக்குக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கோலமோ யாருக்கும் சொந்தமில்லை.

காசு விஷயத்தில் என் கருத்தைச் சொல்கிறேன். மண்டபத்துத் தோழிகளிடம் வரைபடத்துக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது கேட்டால் பேச்சுத்தான் மிஞ்சும். வெளியாருக்கு, வெட்டிய துணி, ஊசி, அட்டையில் குறியீட்டோடு சுற்றிய நூல், வரைபடம் எல்லாம் சேர்த்து ஒரு பையாகக் கொடுத்தால் தாராளமாக விலை வைக்கலாம். தைத்த துணியைக் கோயில் சந்தையில் விற்கலாமா, வரைபடத்தை நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாமா என்ற இரண்டுக்கும் ஆம், இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று வைப்பவர்கள்தான் அதிகம். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

திருத்திய வரைபடத்தில் தேதி போட்டு, பழைய படத்தைக் கைபேசியிலிருந்து அழித்துவிடும்படி எல்லோருக்கும் சொல்லுங்கள். இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அடுத்த காவடிக்குள் யாராவது ஒருவர் பழையதை எடுத்துத் தொடங்கியிருப்பார். சட்டத்துக்குள் அடங்காத அந்தத் தோழிக்கு மட்டும் ஒரு வார்த்தை: பிரிக்க வேண்டாம். 30க்கு 40 செ.மீ. சட்டம் ஒன்றை வாங்கி, உள்ளே ஓர் அட்டை விளிம்பு வெட்டிப் போட்டால் அவருடையதுதான் எல்லாவற்றிலும் எடுப்பாக இருக்கும்.