பீரியாடிக் டேபிள ஒப்பிக்கிறதால என்ன புண்ணியம்?

பையன் பத்தாவது, முதல் 20 தனிமத்த ஒப்பிக்கச் சொல்றாங்க, எதுக்கு இதுன்னு கேட்டிருக்கீங்க. நானும் ஒப்பிச்சவன்தான், ஆர்கான்ல திக்கினதுக்கு டியூஷன்ல முட்டி போட்டிருக்கேன். ஆனா அந்த டேபிள குறுக்கால வாசிச்சா ருசியே இல்ல, மேலருந்து கீழ வாசிக்கணும்.

எங்க வீடு கடலூர் ஓல்டு டவுன். கருவாடு போடுறதால திண்ணையில கல்லுப்பு மூட்டை எப்பவும் கெடக்கும். அந்த உப்பு சோடியமும் குளோரினும் சேந்தது, சோடியம் டேபிளோட இடது ஓரம், குளோரின் வலது பக்கம் 17வது தொகுதி (தொகுதின்னா மேலருந்து கீழ போற நெட்டு வரிசை). சோடியத்துக்கிட்ட வெளிக்கூட்டுல, அதாவது அணுவோட கடைசி அடுக்குல, ஒரு எலக்ட்ரான் உபரி, குளோரினுக்கு ஒண்ணு பத்தல, அவ்ளோதான் சம்பந்தம் முடிஞ்சுது.

பிளஸ் டூ லேப்ல மண்ணெண்ணெய் பாட்டில்லேந்து சோடியத்த எடுத்து கத்தியால வெட்டுனாங்க, வெட்டுன எடம் வெள்ளி மாதிரி மின்னுச்சு, பாத்துக்கிட்டு இருக்கும்போதே மங்கிடுச்சு, தண்ணில போட்டா உருண்டையா உருகி சொய்ங்னு ஓடுது. அதே நெட்டு வரிசையில சோடியத்துக்கு மேல இருக்க லித்தியம் இதே வேலைய நிதானமா செய்யும், கீழ இருக்க பொட்டாசியம் ஊதா கலர்ல தீயே புடிச்சிடும், ஏன்னா கீழ போகப்போக வெளி எலக்ட்ரான் அணுக்கருவ விட்டு தூரமா இருக்கும், சட்டுனு கழண்டுக்கும். குளோரின் இருக்க 17வது தொகுதியில கதை தலைகீழ். மேல இருக்க ஃபுளூரின்தான் ரவுடி, அயோடின் காயத்துக்கு டிஞ்சரா தடவுற அளவுக்கு சாது.

அந்த அயோடின்லதான் எனக்கு புடிச்ச கதை இருக்கு. 1869ல இந்த டேபிள போட்ட ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் அப்ப தெரிஞ்ச 63 தனிமத்தயும் அணு எடைப்படி அடுக்குறார். டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9, அப்ப அயோடின்தான முன்னாடி வரணும்? வந்தா அது ஆக்சிஜன், சல்ஃபர் கூட்டத்துல போய் நிக்கும், குணம் ஒட்டவே ஒட்டாது. மனுஷன் எடத்த மாத்தி வெச்சிட்டு, டெல்லூரியம் எடையதான் தப்பா அளந்துட்டாங்கன்னுட்டார்! எடை சரிதான். 1913ல மோஸ்லிங்கிற இங்கிலாந்து விஞ்ஞானி எக்ஸ்ரே வெச்சு பாத்தப்பதான் அடுக்க வேண்டியது எடைய வெச்சு இல்ல, அணு எண்ண வெச்சுன்னு தெரிஞ்சுது, அதாவது எத்தன புரோட்டான்ங்கிற கணக்கு. டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவ் சொன்ன காரணம் தப்பு, வெச்ச எடம் கரெக்ட்.

இன்னும் கண்டுபுடிக்காத தனிமத்துக்குன்னு அலுமினியத்துக்கு கீழ மெண்டலீவ் காலியா விட்ட எடத்துக்கு 1875ல காலியம்ங்கிற தனிமம் வந்துச்சு. கண்டுபுடிச்சவர் அடர்த்தி 4.7ன்னார், மெண்டலீவ் பொருளையே பாக்காம திரும்ப அளங்கன்னு எழுதினார், அளந்தா 5.9.

ஹைட்ரஜன் ஏன் லித்தியம் தலைக்கு மேல உக்காந்திருக்குன்னு பையன் கேட்டா தனி கேள்வியா போடுங்க, அது பெரிய பஞ்சாயத்து.