பள்ளத்தில் ஒரு முதலை, பம்பரில் ஒரு முடிக்கயிறு

கேள்வி: இன்றைய நகர வாழ்க்கையை உண்மையாகப் பேசும் சமகால உள்ளூர்க் கலைஞர்கள் என்று யாரைச் சொல்வீர்கள்? சுவர்களில் வரையப்படும் ஓவியங்களையும் இதில் சேர்க்கலாமா?

பதினான்கு ஆண்டுகளாகப் பெங்களூரில் வசிப்பதால், எனக்குப் பழக்கமான இந்த ஊரை வைத்தே பதில் சொல்கிறேன். பாதல் நஞ்சுண்டசாமி, ஷீலா கௌடா ஆகிய இருவரைச் சொல்வேன். முன்னவர் நடுச்சாலையில் வேலை செய்பவர். பின்னவரின் படைப்புகள் உலகின் பெரிய கலைக்கூடங்களில் இடம்பெறுபவை. இவர்களை ஒரே வரியில் வைப்பதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். ஆனாலும், நாம் தினமும் கடந்துபோய்க் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்ட பொருள்களை எடுத்து, மறுபடி நம் கண்ணில் படவைக்கும் வேலையை இருவருமே செய்கிறார்கள்.

இது எனக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில், தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் ஸ்கூட்டரோடு விழுந்து, ஆறு வாரம் இடது கையில் மாவுக்கட்டுடன் இருந்தேன். கட்டுப் பிரித்த பிறகு அதே சாலையில் அதே பள்ளத்தை ஒதுக்கி ஓட்டப் பழகிக்கொண்டேனே தவிர, யாரிடமும் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. விழுந்ததைக் காட்டிலும், அவ்வளவு எளிதாகப் பழகிப்போனதுதான் இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பாதல் நஞ்சுண்டசாமி மைசூரின் சாமராஜேந்திர காட்சிக்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். 2015 ஜூன் மாதத்தில், வடக்குப் பெங்களூரின் சுல்தான்பாளையா பகுதியில், நெடுநாளாகச் சரிசெய்யப்படாமல் நீர் தேங்கிக் கிடந்த பெரிய பள்ளம் ஒன்றில், நிஜ முதலையின் அளவில் ஒரு முதலைப் பொம்மையைச் செய்து கிடத்தினார். அதற்கான செலவு சுமார் 6,000 ரூபாய். அதையும் தம் கையிலிருந்தே போட்டார். மறுநாள் அந்த முதலை நாடெங்கும் நாளிதழ்களில் வந்தது. பள்ளமும் விரைவில் மூடப்பட்டது. 2019 செப்டம்பரில் அவர் வெளியிட்ட காணொளி இன்னும் கூர்மையானது. விண்வெளி உடை அணிந்த ஒருவர், நிலவின் தரையில் நடப்பதுபோல் மிக மெதுவாகக் கால் தூக்கிவைத்து நடக்கிறார். சுற்றிலும் இருட்டு, காலடியில் குழிகள். சில நொடிகளில் ஓர் ஆட்டோ ரிக்‌ஷா அவரைக் கடந்து போகிறது. அப்போதுதான் அது மாகடி சாலைக்கு அருகில் உள்ள ஹேரோஹள்ளியின் ஒரு தெரு என்பது புரிகிறது. சந்திரயான்-2 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த வாரம் அது. அதை அனுப்பிய இஸ்ரோவின் தலைமையகமும் இதே பெங்களூரில்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறிய காணொளி ஓர் ஊரின் இரு முகங்களை எவ்வளவு துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது என்பது விளங்கும். அடுத்த நாளே அந்தத் தெருவில் செப்பனிடும் வேலை தொடங்கியது.

வேலை முடிந்ததும் மறைந்துபோகும் கலை இது. பள்ளம் மூடப்பட்டால் முதலைக்கு அங்கே இடமில்லை. அதைக் குறையாக நான் கருதவில்லை. தன் வெற்றியாலேயே அழிந்துபோவதற்கு ஒரு படைப்பு துணிவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் நகரத்தில் தார் போட்டு மூட முடியாத பள்ளங்களும் உண்டு. அங்கேதான் ஷீலா கௌடா வருகிறார்.

கர்நாடகத்தின் பத்ராவதியில் 1957-இல் பிறந்து, பெங்களூர், பரோடா, சாந்திநிகேதன், லண்டன் ஆகிய ஊர்களில் ஓவியம் கற்ற அவர், பெங்களூரில் இருந்தே வேலை செய்கிறார். 2009-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக்காட்சியில் அவர் வைத்த ‘பிஹோல்ட்’ என்ற படைப்பில் இரண்டே பொருள்கள்: மனித முடியால் திரித்த ஏறத்தாழ 4,000 மீட்டர் கயிறு, சுமார் இருபது கார் பம்பர்கள். இன்று அது லண்டனின் டேட் கலைக்கூடத் தொகுப்பில் இருக்கிறது. நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும், கறுத்த கயிறு சுவரெங்கும் சுருள்சுருளாகப் பரவிக் கிடக்க, பளபளக்கும் இரும்பு பம்பர்கள் அந்த முடியைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்கும் அந்தக் காட்சி என்னை விட்டு அகலவில்லை.

தமிழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. என் மகளுக்குத் திருத்தணியில் முதல் மொட்டை போட்டபோது, தண்ணீர் தெளித்து நனைத்த தலையிலிருந்து முடி கொத்துக் கொத்தாக ஈரத்தரையில் விழுந்ததும், ஒருவர் அதைத் துடைப்பத்தால் ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது. அப்படிக் காணிக்கையாகத் தரப்படும் முடியில் நீளமானது சவுரி வணிகத்துக்குப் போகிறது. குட்டையானதைக் கயிறாகத் திரித்து விற்கிறார்கள். பெங்களூரில் வண்டி வாங்குபவர்கள் அதில் ஒரு துண்டை வாங்கி, கண் படாமல் இருக்கவும் விபத்து நேராமல் இருக்கவும் பம்பரில் முடிந்து வைக்கிறார்கள். ஒரு லாரியின் பம்பரில் இருந்த கயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் சாலைத்தூசியும் ஏறிச் சொரசொரப்பாக இருந்தது; முனையில் மட்டும் சில இழைகள் பிரிந்து, குழந்தையின் முடிபோல மென்மையாக இருந்தன. யாரோ ஒருவர் வேண்டுதலுக்காகக் கொடுத்தது, முகம் தெரியாத இன்னொருவரின் அச்சத்துக்குக் காவலாக நின்றுகொண்டிருந்தது. கடன் வாங்கி வண்டி எடுத்து, நெரிசலில் நாளைக் கழித்து, முழு உடம்போடு வீடு திரும்பினால் போதும் என்று எண்ணும் ஒரு நகரத்தின் பயத்தை இதைவிட நேராகச் சொன்ன வேறொரு படைப்பை நான் அறியேன்.

அவருடைய ‘டார்க்ரூம்’ (2006) தார் டிரம்களால் ஆனது. சாலை போட வரும் தொழிலாளர்கள் காலி டிரம்களைத் தட்டித் தகடாக்கிக் குடிசை கட்டிக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே டிரம்களை அவர் கோட்டைத் தூண்கள்போல் அடுக்கினார். உள்ளே நின்றால், மேற்கூரையில் குத்தப்பட்ட சிறு துளைகள் வழியே ஒளி விண்மீன்களாகத் தெரியும். நாம் ஓட்டும் சாலையைப் போட்டவர்கள் எங்கே படுத்தார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

சுவர் ஓவியங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2009 வாக்கில் பெங்களூர் மாநகராட்சி நகரச் சுவர்களில் அருவி, யானை, அரண்மனை என்று வரையவைத்தது. சுவரொட்டிகளையும் அசுத்தத்தையும் தடுப்பதே அதன் நோக்கம் என்பதால், அவற்றில் நகரம் இல்லை. நகரத்தை மறக்கச் செய்யும் காட்சிகளே இருந்தன. ஆகவே நீங்கள் கேட்கும் பொருளில் அவற்றைச் சேர்க்கமாட்டேன். ஆனால் அவற்றை வரைந்தவர்களில் பலர், பிளெக்ஸ் அச்சு வந்தபின் பிழைப்பை இழந்த சினிமா பேனர் ஓவியர்கள். நான் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் அப்படி ஓர் அருவி மங்கிப்போய் இருக்கிறது. அதன் நுரையில், கதாநாயகனின் கன்னத்தில் வெளிச்சம் காட்டப் போடுவதுபோல, இளஞ்சிவப்பு தொட்ட வெள்ளைத் தீற்றல்கள் விழுந்திருக்கின்றன. அந்த ஒரு கைப்பழக்கத்தை மட்டும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்வேன்.