தூக்கம் கெட்டதா, மனசு கெட்டதா? மாணவர்களின் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: தருமபுரியில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. படிக்கிறேன். பதினோரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் கண் அசருகிறது. ஒரு மாதமாக எதிலும் பிடிப்பே இல்லை. தூக்கம் கெட்டதால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் தூக்கம் போனதா?

பதில்: இரண்டும் நடக்கும். தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறி மட்டும்தான் என்று முன்பு நினைத்தார்கள். ஆனால் மனச்சோர்வே இல்லாமல் தூக்கம் மட்டும் கெட்டிருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நன்றாகத் தூங்குகிறவர்களைவிட அவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. எனவே எது முதல் என்று ஆராய வேண்டாம். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

ஹாஸ்டலில் கட்டில்தான் மேஜை, அதுவேதான் ரீல்ஸ் பார்க்கும் தியேட்டரும். அப்புறம் படுத்தவுடன் தூக்கம் எப்படி வரும்? படிப்பை வராண்டாவுக்காவது மாற்றுங்கள். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வரவில்லையா, எழுந்து உட்காருங்கள். கண் சொக்கினால் திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். கஷ்டம்தான், ஆனால் அதிகம் பலன் தருவதும் இதுதான். பகலில் குட்டித் தூக்கம் வேண்டாம்.

சரி, ஒரு மாதமாகப் பிடிப்பில்லை என்கிறீர்களே, அதை இப்படியே விடக் கூடாது. இரண்டு வாரம் தாண்டியும் பெரும்பாலான நேரம் அப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: சாயங்காலம் ஆறு மணிக்கு டீ குடித்தால் தப்பா? (பர்கூர்)

பதில்: அதிலுள்ள கஃபீனில் பாதி, ராத்திரி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மூன்று மணியோடு நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: லீவுக்கு வந்த மகள் பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறாள். திட்டினால் அழுகிறாள். சோம்பேறித்தனமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: அம்மா, முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். மனச்சோர்வு சிலருக்குத் தூக்கத்தைப் பறிக்கும், சிலருக்கு, குறிப்பாக இளவயதில், அளவுக்கு மீறிக் கொடுக்கும். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "என்னடா கண்ணு, காலேஜ்ல ஏதாச்சுமா?" என்று கேளுங்கள்.

கேள்வி: மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? (ஊத்தங்கரை)

பதில்: கூடாது. டாக்டர் சீட்டில்லாமல் விற்பதே தவறு. சில மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். மனச்சோர்வுக்கான மருந்து வேறு. அது வேலை செய்யவே சில வாரம் ஆகும்.

கேள்வி: ஓசூரில் நைட் ஷிஃப்ட், பகலில் கல்லூரி. சமாளிக்க முடியுமா?

பதில்: ரொம்ப நாள் முடியாது, தம்பி. இரண்டில் ஒன்றை மாற்றும்வரை, வேலை முடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு பைக்கை எடுக்காதீர்கள், பஸ்ஸில் வாருங்கள். ஜன்னலை மறைத்து, தினமும் ஒரே நேரத்தில் சில மணி நேரமாவது தூங்குங்கள்.

கேள்வி: முதல் பீரியடிலேயே தூங்கும் ஒரு மாணவர், இப்போது யாரோடும் பேசுவதில்லை. என்ன செய்யட்டும்? (பேராசிரியர், கிருஷ்ணகிரி)

பதில்: வகுப்பில் எழுப்பிக் கேட்காதீர்கள்; தனியாகக் கூப்பிட்டு, எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று ஆரம்பியுங்கள். மனசைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காதவர்கள்கூடத் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். வாழவே பிடிக்கவில்லையா என்றும் நேராகக் கேட்கலாம். அந்த எண்ணத்தை அது தூண்டிவிடாது. "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள். வீட்டாரை வரவழைத்து அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.