மாஃபியா 2: நகரம் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாஃபியா 2 வீடியோ கேம் ஆடி முடித்தேன். கதை பிடித்திருந்தது. ஆனால் எம்பயர் பே என்று இவ்வளவு பெரிய நகரத்தைக் கட்டிவிட்டு, அதில் செய்வதற்கு ஒன்றுமே வைக்கவில்லையே? காரை ஓட்டிப் போய்ச் சுட்டுவிட்டு, திரும்ப ஓட்டிவந்து படுப்பதே பிழைப்பாக இருக்கிறது. சேர்த்த பணத்தையும் கதையே பிடுங்கிக்கொள்கிறது. போலீஸ் வேறு எதற்கெடுத்தாலும் துரத்துகிறது. இதை நல்ல ஆட்டம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்லும் மூன்றும் உண்மைதான். மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டேன், அவ்வளவுதான். நகரம் வெறுமையாக இருப்பது முழுக் குறை. பணம் பறிபோவது பாதிக் குறை. போலீஸ் துரத்துவது பெரும்பாலும் நம் கைப்பிழை.

முதலில் போலீஸ். இந்த ஆட்டத்தில் தேடல் இரண்டு வகை. ஒன்று காரின் நம்பர் பிளேட்டைத் தேடுவது, இன்னொன்று நாம் ஆடும் நாயகன் வீட்டோவின் ஆள் அடையாளத்தைத் தேடுவது. தேடுவது பிளேட்டை என்றால் சட்டை மாற்றிப் பயனில்லை. காரைக் கைவிட வேண்டும், இல்லையென்றால் சார்லீஸ் சர்வீஸ் என்ற கார் பட்டறையில் நம்பரை மாற்ற வேண்டும். ஆளைத் தேடினால் கார் மாற்றிப் பயனில்லை. துணிக்கடைக்கோ வீட்டு அலமாரிக்கோ போக வேண்டும். இரண்டையுமே தேடினால் தெருவோர டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டு லஞ்சத்தில் முடிக்கலாம். எதைச் செய்தாலும் போலீஸ் கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள். போலீஸ் வண்டியைப் பார்த்ததும் வேக வரம்புப் பொத்தானை அழுத்திவிட்டால் பாதித் தொல்லை தீரும். முதல் பாகத்தில் (2002) சிவப்பு விளக்கைத் தாண்டினாலே அபராதம். அதோடு பார்த்தால் இது தாராளம்.

கார் ஓட்டுவதே பிழைப்பு என்கிறீர்கள். அமைப்புகளில் ஓட்டும் முறையை 'சிமுலேஷன்' என்று மாற்றிவிட்டு, 1945 குளிர்கால அத்தியாயங்களை மறுபடி ஆடிப் பாருங்கள். பனி படிந்த ரோட்டில் திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் வண்டியின் பின்பக்கம் விலகிக்கொண்டு போகும். திருப்பத்துக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது பிரேக்கை முடித்துவிட வேண்டும். அதன் பிறகு ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் திரும்ப வேண்டும். ஹேண்ட்பிரேக் பக்கமே போகக் கூடாது. நடுவில் சிறைக்குப் போகும் வீட்டோ வெளியே வந்தால் 1951. ரோட்டில் பனி இல்லை, கார் எஞ்சின்களுக்கு வலு கூடியிருக்கிறது. அதே தெரு வேறு தெருவாகத் தெரிகிறது. ஆறு வருடம் போய்விட்டதை எந்த வசனமும் சொல்ல வேண்டியதில்லை, டயரே சொல்லிவிடுகிறது. ஆட்டத்தை உருவாக்கிய 2கே செக் குழு இதில் செய்ததிலேயே உசத்தியான வேலை இதுதான் என்பேன்.

சலிப்புக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. துறைமுகத்தில் பெட்டி தூக்கி லாரியில் ஏற்றும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மெதுவான நடை, ஒரு பெட்டி, மறுபடி ஒரு பெட்டி. அந்த அலுப்புதான் வீட்டோவை அடுத்த வேலைக்கு, கூலிக்காரர்களிடம் முடிவெட்டும் காசு என்று வசூல் பண்ணும் வேலைக்கு, இழுத்துக்கொண்டு போகிறது. சிறையில் மூத்திரத் தொட்டி தேய்க்கும் இடமும் அப்படித்தான். அங்கெல்லாம் அலுப்பு கதைக்கு உழைக்கிறது. வேலை முடிந்து நகரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சும்மா ஓட்டிப்போய்ப் படுக்கும் இடங்களில் அலுப்பு வெறும் அலுப்புதான். அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

இனி பணம். வீட்டோவின் அப்பா விட்டுப்போன 2000 டாலர் கடனில் தொடங்கும் கதை, 35,000 வாங்கி 55,000 திருப்பித் தர வேண்டிய கந்துவட்டியில் போய் நிற்கிறது. நடுவில் சிறை, பிறகு வீடு எரிகிறது. கையில் காசு தங்காது என்பதே கதை, ஆகவே பிடுங்குவதில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. துப்பாக்கியும் குண்டும் விழுந்து கிடப்பவனிடமே கிடைக்கின்றன, ஹாரியின் ஆயுதக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே வருவதில்லை. கோட்டு சூட்டு வெறும் அழகுக்கு. கார் எஞ்சினை வலுவாக்குவது ஒன்றுதான் உருப்படியான செலவு. செலவழிக்க வழியில்லாத பணத்தைப் பறித்தால் யாருக்கு வலிக்கும்? வலிக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. அந்த எரிச்சலுக்கு ஆட்டமே பொறுப்பு.

நகரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் மறுக்க ஏதுமில்லை. புரூஸ்கியின் பழைய இரும்புக் கிடங்கில் காரை நசுக்கலாம், துறைமுகத்தில் டெரக் என்பவனிடம் காரை விற்கலாம், கடைகளில் கொள்ளையடிக்கலாம். மிச்சமெல்லாம் பொறுக்கும் வேலை: 159 போஸ்டர், 50 பிளேபாய் இதழ். கதை முடிந்த பிறகு சும்மா சுற்றித் திரியவும் வழி வைக்கவில்லை.

காலக் கணக்கிலும் இடிக்கிறது. கதை 1951-இல் முடிகிறது, பிளேபாயின் முதல் இதழ் வந்தது 1953 டிசம்பரில். 1945-இல் வீட்டோ ஊர் திரும்பும்போது ஒலிக்கும் 'லெட் இட் ஸ்னோ' 1945-இல் எழுதப்பட்ட பாட்டுதான், ஆனால் நாம் கேட்கும் டீன் மார்ட்டின் குரல் 1959 பதிவு. பாட்டை மன்னித்துவிடலாம், அந்தப் பனிக்கு அவ்வளவு பொருந்துகிறது. இதழ்கள் வெறும் விளம்பர ஒட்டு.

2010 பதிப்பைக் கம்ப்யூட்டரில் ஆடுகிறீர்கள் என்றால், சண்டைகளில் படம் திக்கும்போது அமைப்புகளில் ஏபெக்ஸ் பிசிக்ஸை அணைத்துவிடுங்கள். சிதறும் துண்டுகளும் துணி அசைவும்தான் வேகத்தைத் தின்பவை. அணைப்பதால் கதைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

2020-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் வைத்திருந்தால் மூன்று கூடுதல் கதைகளும் அதிலேயே இருக்கும். அவற்றில் ஜிம்மி என்ற வேறொருவனாக ஆடும் கதைகள், புள்ளி சேர்ப்பதும் நேரக் கெடுவுமாக ஓடும். முதல் இரண்டு வேலைகளை ஆடிப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் விட்டுவிட்டு வீட்டோவின் நண்பன் ஜோவின் கதைக்குப் போய்விடுங்கள். வீட்டோ சிறையில் இருந்த வருடங்களில் ஜோ என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அதில்தான் இருக்கிறது.