ஆன்லைனில் தாய்ப்பால் வாங்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 31 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது. அவளுக்கு இன்னும் பால் சரியாகச் சுரக்கவில்லை. முகநூல் குழு ஒன்றில் ஒரு அம்மா, ஃப்ரீசரில் வைத்திருக்கும் தன் பாலைத் தருவதாகச் சொல்கிறார். கூரியர் செலவு மட்டும் கொடுத்தால் போதுமாம். பேசிப் பார்த்தால் நல்லவராகத்தான் தெரிகிறார். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த அம்மா நல்லவராகவே இருக்கட்டும். தன் உடம்பில் இருக்கும் தொற்று அவருக்கே தெரியாமல் இருக்கலாமே. எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகப் பரவும். சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. பெரியவர்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, குறைமாதக் குழந்தையையோ பாடாய்ப் படுத்திவிடும். அவர் விழுங்கும் மாத்திரை, மது, புகையிலை என எல்லாவற்றிலும் கொஞ்சம் பாலில் இறங்கும். பம்ப்பை எப்படிக் கழுவினார், கூரியர் வண்டியில் பால் எவ்வளவு நேரம் உருகிக் கிடந்தது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவில் இணையம் வழியாக வாங்கிய 101 பால் மாதிரிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. 74 சதவீத மாதிரிகளில், நோய் உண்டாக்கக்கூடிய வகைக் கிருமிகளோ அளவுக்கு மீறிய கிருமி எண்ணிக்கையோ இருந்தன. 2015-இல் வந்த இன்னொரு ஆய்வில், 102 மாதிரிகளில் 10-இல் பசும்பால் கலந்திருந்தது. கை தவறி விழுந்த அளவில் இல்லை, அந்தப் பாலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல். பாலுக்கு விலை வைத்துவிட்டால் அதில் கலப்படமும் வந்துவிடும் போலிருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும், தனி நபரிடமிருந்து நேரடியாகவோ இணையத்திலோ வாங்கிய பாலைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

நீங்கள் கேட்க வேண்டிய இடம் குழந்தை இருக்கும் வார்டு. தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் வரவழைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வங்கியில், பால் தரும் தாய்க்கு முதலில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனைகள் நடக்கும். என்ன மருந்து சாப்பிடுகிறார், புகை, மது உண்டா என்று விசாரிப்பார்கள். அப்புறம் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று குளிர வைப்பார்கள். ஆறிய பாலில் ஒரு மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். கிருமி வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் சாக்கடைக்குத்தான். தேறிய புட்டிகளில் தொகுதி எண் ஒட்டியிருக்கும். எந்தப் புட்டி யார் தந்த பால் என்று பின்னால் தேடிப் பிடிக்க அதுதான் வழி.

இந்தச் சூட்டில் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதியும், கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸும் போய்விடும். அப்படியும் குறைமாதக் குழந்தைகளுக்கு, கடையில் விற்கும் ஃபார்முலா பால் பவுடரைவிட இது மேல். குடல் அழுகும் கொடிய நோய் ஒன்றின் ஆபத்து குறைகிறது. முதலில் பெற்ற தாயின் பால், அது இல்லாவிட்டால் வங்கிப் பால், அதுவும் இல்லாவிட்டால் ஃபார்முலா. இது உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரிசை. ஆகவே தங்கையை இரவும் பகலுமாக இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பம்ப் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நாளில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சொட்டுகளையும் வீணாக்காமல் வார்டில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கிய தாய்ப்பாலை வீட்டில் காய்ச்சிக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. காய்ச்சினால் கிருமிகளில் பெரும்பாலானவை சாகும். நிக்கோடின், மருந்து, கலப்படப் பசும்பால் எல்லாம் காய்ச்சினால் போய்விடுமா? பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வங்கியின் 62.5 டிகிரியையே தாங்கிவிடும். சூடாக்கிய பிறகும் அவர்கள் சோதிப்பது அதனால்தான். நம் அடுப்பங்கரையில் அந்தச் சோதனைக்கு வழியில்லை.

கேள்வி: இந்தியாவில் ஒரு இணையதளத்தில் தாய்ப்பால் பவுடர் விற்கிறார்கள். பாக்கெட்டில் அரசு உரிம எண்ணும் இருக்கிறது. அப்படியானால் சட்டப்படி சரிதானே?

பதில்: இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2024 மே 24 அன்று வெளியிட்ட அறிவிப்பில், தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதியே இல்லை, அந்த வியாபாரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. இந்த விற்பனைக்கு உரிமம் தரக்கூடாது என்று மாநில அதிகாரிகளுக்கும் உத்தரவு. அதற்கு முன்பு ‘பால் பொருட்கள்’ என்ற பிரிவில் உரிமம் வாங்கி, அது ரத்தானதும் ஆயுர்வேத மருந்து என்று வேறு கதவைத் தட்டிய நிறுவனமும் உண்டு. 2022-இல் அதுவும் ரத்தானது. எனவே எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த எண் எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று ஆணையத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பாக்கெட்டைப் படமெடுத்து அங்கேயே புகார் கொடுங்கள்.

தாய்ப்பாலை எந்தச் சட்டத்தில் வைப்பது என்பதில் உலகம் முழுக்கவே குழப்பம்தான். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் பால் வங்கியை, மனித உடல் திசுக்களைச் சேமிக்கும் திசு வங்கி போல நடத்தி உரிமம் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டத்தில் ரத்தம், திசுக்களோடு தாய்ப்பாலையும் சேர்த்துவிட்டது. 2011-இல் லண்டனில் ஒரு கடை தாய்ப்பால் ஐஸ்கிரீம் விற்கப் போக, வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போன கூத்தும் நடந்தது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உறைய வைத்து உலர்த்துவதால் கிருமி சாகாது. தண்ணீர் மட்டும்தான் போகும். பவுடராக்கும் முன் சூடாக்கினார்களா என்பதே கேள்வி.

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் அண்ணன் மகன், உடம்பு ஏற்றத் தாய்ப்பால் வாங்கிக் குடிக்கப் போவதாகச் சொல்கிறான்.

பதில்: நூறு மில்லி தாய்ப்பாலில் புரதம் சுமார் ஒரு கிராம். பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல். கணக்கை அவரிடமே போடச் சொல்லுங்கள். தாய்ப்பால் வங்கிகள் டாக்டர் சீட்டு பார்த்துக் குழந்தைகளுக்குத்தான் பால் தருகின்றன. அப்படியானால் அவர் கைக்கு வரப்போவது யாரும் பரிசோதிக்காத, சூடாக்காத பச்சைப் பால்தான்.