உண்டியலை யார் முன்னால் நீட்டுகிறீர்கள்?

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31. கம்பெனியில் சுமார் 1,200 பேர், பெரும்பாலும் ஸ்டிச்சிங் லைனில் இருக்கும் பெண்கள். மே மாதம் ஆண்டு விழா வருகிறது. அதையொட்டி ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு 3 லட்சம் ரூபாய் திரட்டித் தர வேண்டும் என்று எம்.டி. சொல்லியிருக்கிறார். நெட்டில் தேடி லக்கி டிரா, கேக் விற்பனை, வேலூர் கோட்டையைச் சுற்றி வாக்கத்தான், எல்லோரிடமும் ஒருநாள் சம்பளம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். எந்த டிபார்ட்மென்ட் எவ்வளவு கொடுத்தது என்று போர்டில் எழுதினால் போட்டி போட்டுக் கொடுப்பார்கள் என்றும் தோன்றுகிறது. எங்கள் கம்பெனி ஒரே குடும்பம் மாதிரி. போன வருஷம் உண்டியல் எடுத்துக்கொண்டு போனபோது, கேன்டீன் காண்ட்ராக்டில் பாத்திரம் கழுவும் அக்கா 500 ரூபாய் போட்டார். பள்ளிக்கூடம் போகும் மகனுக்கு ஆபரேஷன் என்று பத்து வட்டிக்குக் கடன் வாங்கியிருந்த நேரம் அது. எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. இந்த வருஷம் அவரை மேடையேற்றி இரண்டு வார்த்தை பேச வைக்கலாம் என்றிருக்கிறேன். இன்னும் புதுமையான யோசனைகள் இருந்தால் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, லக்கி டிராவை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 500 ரூபாய்க்கு வருவோம்.

ஆண்டு விழாக் காலம் வந்தால் எனக்கு இப்படிக் கடிதங்கள் வரும். ஆம்பூரிலிருந்து, வாணியம்பாடியிலிருந்து, சிப்காட் கம்பெனிகளிலிருந்து. எல்லாவற்றிலும் எப்படித் திரட்டுவது என்ற கேள்விதான் இருக்கும். யாரிடம் திரட்டுவது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனால் அதற்கான பதிலை உங்களையறியாமல் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

பத்து வட்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். ஒரு பேச்சுக்கு அந்த அம்மாள் 50,000 வாங்கியிருந்தால் மாதம் 5,000 வட்டிக்கே போகும். அசல் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் உண்டியலில் விழுந்தது அவருடைய மூன்று நாள் வட்டி. அது யார் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? மகனுக்கு மருந்து வாங்க வைத்திருந்ததா, குழுக்கடன் தவணையா, இல்லை பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கி வந்து போட்டதா?

அவர் மனமுவந்து கொடுத்தார் என்பீர்கள். இருக்கலாம். இல்லாதவர்கள்தான் கை நீட்டிக் கொடுப்பார்கள் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உண்டியலோடு அன்று யார் யார் போனீர்கள்? நீங்கள் போயிருப்பீர்கள், மேலே ஒரு மேனேஜர் வந்திருப்பார், ஃபோட்டோ எடுக்க ஓர் ஆள். எதிரே நிற்பவர் கம்பெனி ரோலில்கூட இல்லாத பெண். கேன்டீன் காண்ட்ராக்ட் அடுத்த வருஷம் தொடருமா என்பது உங்கள் மாடியில் முடிவாகிற விஷயம். அந்த இடத்தில் "என்னிடம் இல்லை சார்" என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? பத்து ரூபாய் போட்டால் குறைவாகத் தெரியுமே என்று பயந்தும் 500 போடலாம். மாட்டேன் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் கொடுத்ததை நான் தர்மக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சரி, கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, பையனுக்கு எங்கே ஆபரேஷன், எவ்வளவு கடன், யாரிடம் வாங்கினீர்கள்" என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். பையன் பிழைத்து எழுந்து பள்ளிக்கூடம் போகிறானா என்பதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. மேடையில் அவர் எத்தனை வார்த்தை பேச வேண்டும் என்பது இருக்கிறது.

அதோடு ஒரே குடும்பம் என்கிறீர்கள். நான் பழைய மனுஷி. குடும்பம் என்றால் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும்: வீட்டில் நோயில் கிடக்கும் பிள்ளைக்குப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கை நீள வேண்டும். கூடப் பிறந்தவள் பத்து வட்டியில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்து, உபயம் என்று அதில் பெயர் எழுதி வைக்கிற அண்ணனை நம் ஊரில் என்ன சொல்வார்கள்? அதை அச்சில் போட முடியாது.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். நீங்கள் எச்.ஆர். அந்த அம்மாளுக்குத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் நம்பர் இருக்கிறதா? 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். காண்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளியான உங்கள் கம்பெனியைத்தான் வந்து சேரும். பதிவு ஒழுங்காக இருந்திருந்தால் அவருக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் வைத்தியம் உண்டு. வேலூரிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அது இல்லாவிட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எத்தனை தூரம்? இத்தனையும் இருக்க ஒரு தாய் வட்டிக்காரனிடம் போயிருக்கிறார் என்றால், ஒன்று அவருக்கு அட்டை இல்லை, அல்லது அட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இரண்டும் உங்கள் மேஜை வேலை. கந்துவட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்பதையும் உங்களை மாதிரிப் படித்தவர்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். தொழிலாளர் நல வாரியத்துக்கு வருஷா வருஷம் உங்கள் கம்பெனியிலிருந்து பணம் போகிறதல்லவா? தொழிலாளர் பிள்ளைகளுக்கு அங்கே கல்வி உதவித்தொகை இருக்கிறது. உங்கள் 1,200 பேரில் எத்தனை பேர் அதற்கு விண்ணப்பித்தார்கள்? உண்டியலோடு லைன் லைனாகப் போக நேரம் கிடைத்த உங்களுக்கு அந்தப் படிவத்தோடு போகவும் நேரம் கிடைக்கும்.

அடுத்து, எம்.டி. 3 லட்சம் என்றார். அதில் கம்பெனி போடுவது எவ்வளவு? கடிதத்தை இரண்டு முறை தேடிவிட்டேன், அந்த எண்ணைக் காணோம். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிகர சொத்து மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி என்ற அளவுகளும் உண்டு. மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் போதும். உங்கள் கம்பெனி அதற்குள் வருகிறதா என்பது அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குத் தெரியும். வந்தால், தொழிலாளியிடம் வசூலித்த காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதையே கம்பெனியின் பங்காகக் காட்டும் வேலைக்கு மட்டும் துணை போகாதீர்கள். இன்னொரு விஷயம், சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் பயன்படும் உதவியை இந்தக் கணக்கில் எழுத முடியாது. ஆகவே அந்த அக்காவுக்குச் செய்வதைத் தனியாக, நலநிதி என்றோ வட்டியில்லாக் கடன் என்றோதான் செய்ய வேண்டும். சத்தமில்லாமல், மேடையில்லாமல்.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். ஒருநாள் சம்பளத்தை அடியுங்கள். தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் நன்கொடை என்று சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. சூப்பர்வைசர் லைனில் நின்றுகொண்டு வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். போர்டையும் அடியுங்கள். கல்யாண மொய்கூட நோட்டில்தான் எழுதுகிறோம், சுவரில் எழுதி வைப்பதில்லை. லக்கி டிரா என்று டிக்கெட் விற்று, குலுக்கிப் பரிசு கொடுப்பது வெளிநாட்டில் சாதாரணமாக இருக்கலாம். இங்கே 2003லிருந்து லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்குத்தானே என்று வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள். கேக் விற்பனை செய்தால் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆற்காட்டு மக்கன் பேடா வைத்தால் இன்னும் வேகமாகத் தீரும்.

வாக்கத்தானுக்கு என்ன சொல்வது! அக்னி நட்சத்திரத்தில், வேலூரில்? மலையும் கல்லும் சூடேறி நிற்கும் மாதத்தில், வாரம் ஆறு நாள் நின்று வேலை செய்த பெண்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டையைச் சுற்றி நடக்கச் சொல்லப்போகிறீர்கள். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அனுமதிக்கு அலைய வேண்டும். டி-ஷர்ட், பேனர், தண்ணீர் பாட்டில், டிபன் செலவெல்லாம் போனால் இல்லத்துக்கு மிஞ்சுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் வீட்டுக்கு விட்டுவிடுங்கள். துணி துவைக்க, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, பிள்ளையின் தலையில் எண்ணெய் வைக்க அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. அதுவும் கடமைதான்.

யாரிடம் கேட்பது என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரு படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டியிருந்தபோது அவர் கேட்டுப் போனது நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர் வீட்டுக்கு. ஷெல் என்ற அந்தப் பெரியவர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் கட்டடம் எழும்பியது. ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். மருத்துவம் பார்க்க வந்த கூலிக்காரப் பெண்ணிடம் அவர் உண்டியல் நீட்டவில்லை. இருக்கிறவரிடம் தலை நிமிர்ந்து கேட்டார்.

நீங்களும் அப்படியே மேலேயிருந்து தொடங்குங்கள். எம்.டி.யும் டைரக்டர்களும் மேனேஜர்களும் முதலில் எழுதட்டும். அதே அளவு கம்பெனியும் போடட்டும். லைனில் இருப்பவர்களுக்கு வேண்டுமானால் ஆள் நிற்காத ஓர் அறையில் மூடிய பெட்டி ஒன்று. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று ஒரு கண்ணுக்கும் தெரியக் கூடாது. கொடுப்பவர்கள் இல்லத்துக்கு நேராகக் கொடுத்து, அவரவர் பெயரில் ரசீது வாங்கட்டும். மொத்தமாகச் சேர்த்துக் கம்பெனி பெயரில் கொடுத்துவிட்டால், ரசீதும் வரிச்சலுகையும் கம்பெனிக்குத்தான் போகும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தச் சலுகை கிடையாது.

தொழிலாளி பையில் கை வைக்காமல் பணம் புரட்ட ஒரு வழி உங்கள் குடோனிலேயே இருக்கிறது. எக்ஸ்போர்ட்டில் தள்ளுபடியான ஜோடிகளும் மிச்சமான தோலும் எத்தனை கிடக்கின்றன? ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் சொன்னால் லேபிளை எடுத்துவிட்டு, வெளி ஆட்களுக்கு இரண்டு நாள் விற்பனை போடுங்கள். ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் நல்ல ஷூவைக் குறைந்த விலைக்கு வாங்க ஆள் இல்லாமல் போய்விடுமா?

பணம் வேண்டாம், ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ரத்ததானம் இருக்கிறது. சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்கு இங்கே ரத்தம் கொடுக்க உறவு ஏது? 18 வயதுக்கு மேல், 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. உங்கள் லைனில் பல பெண்களை, ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெயர்களை யாரிடமும் சொல்லாமல், அவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

3 லட்சம் சேரவில்லை என்று எம்.டி. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆண்டு விழாவுக்கு முன்னால் கேன்டீன் காண்ட்ராக்டரின் ஈ.எஸ்.ஐ. சலான்களை வாங்கி, பாத்திரம் கழுவுகிறவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எம்.டி.யிடம் முதலில் எடுத்துப் போக வேண்டிய ஃபைல் அதுதான்.