கரித்துண்டா, மென்பொருளா?

இரண்டாம் ஆண்டிலும் கரித்துண்டும் நிறச் சக்கரமுமாகவே போகிறது, ஓவியக் கல்லூரியை விட்டுவிட்டு வடிவமைப்பு மென்பொருள் பயிற்சியில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். பக்க வடிவமைப்பில் கோலோச்சிய குவார்க் எக்ஸ்பிரஸின் இடத்தை இன்டிசைன் பிடித்துக்கொண்டது. பழகிய கண் அப்படிக் காலாவதியாவதில்லை. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியிலும், மாணவர்கள் பட்டறைக்குள் போகுமுன் நிறம், வடிவம், பொருள்களின் தன்மை ஆகியவற்றைப் பயிலும் அடிப்படை வகுப்பு இருந்தது. ஒரே சாம்பல் நிறம் கறுப்பின் மீது வெளிறியும் வெள்ளையின் மீது அடர்ந்தும் தெரியும். இதைக் கையால் தீட்டிப் பார்த்தவருக்குச் சுவரொட்டியில் எழுத்து ஏன் மங்குகிறது என்று தானாகவே புரியும்.

படைப்பைச் சுவரில் மாட்டி எல்லோரும் குறை சொல்லும் விமர்சன வகுப்பைத் தவறவிடாதீர்கள். (எரிச்சலூட்டும்தான்.) "ஏன் இந்த எழுத்துரு?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது பதில் வருவது அங்கே பெற்ற பழக்கத்தால்.

ஆனால் உங்கள் கவலையிலும் நியாயம் உண்டு. திரையின் ஆர்ஜிபி நிறங்கள் (சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை) அச்சின் சிஎம்ஒய்கே-வுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள்) மாறும்போது மங்குவது, அச்சிட்ட தாளை வெட்டுவதற்காக ஓரத்தில் படத்தை வழக்கமாக 3 மி.மீ. கூடுதலாக விடுவது, எத்தனை திருத்தங்கள் கட்டணத்துக்குள் அடங்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது போன்றவற்றைப் பல கல்லூரிகள் போகிறபோக்கில்தான் சொல்கின்றன. விடுமுறையில் ஓர் அச்சகத்தில் உதவியாளராகச் சேருங்கள். மென்பொருளை மாலைகளில் பழகலாம். படைப்புத் தொகுப்பில் முடிந்த வேலையோடு, கைவிட்ட முன்வரைவுகளையும் வையுங்கள்.